அவுட்சைடு லேண்ட்ஸ் விழாவின் கஞ்சா பகுதி: ஒரு மருந்தாளுநரின் பார்வை

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் நடக்கும் அவுட்சைடு லேண்ட்ஸ் இசை விழாவுக்குள் 'கிராஸ் லேண்ட்ஸ்' என்று ஒரு தனிப் பகுதி உண்டு. கஞ்சாவைச் சட்டப்படி அங்கே வாங்கலாம், அங்கேயே உபயோகிக்கலாம். 2024 ஆகஸ்ட் விழாவுக்கு என் சித்தி மகனோடு போயிருந்தேன். அவன் வந்தது தி கில்லர்ஸ் கச்சேரிக்கு. நான் போனது இந்தப் பகுதியை எப்படி நடத்துகிறார்கள் என்று நேரில் பார்க்க. ஃப்ரீமான்ட் பக்கம் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட யாராவது ஒருவர் சிபிடி பற்றி, அதாவது கஞ்சாச் செடியில் உள்ள போதை ஏற்றாத பொருளைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். அதனால் பாட்டையும் சாப்பாட்டையும் பற்றி இங்கே எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஆகஸ்ட்தானே என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஸ்வெட்டர் இல்லாமல் தாங்காது.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் 64ஆம் முன்மொழிவுக்கு ஆதரவாகக் கலிஃபோர்னியா மக்கள் 2016 நவம்பரில் வாக்களித்தார்கள். 2018 ஜனவரி 1 முதல் 21 வயது நிரம்பியவர்களுக்குக் கடைகளில் விற்பனை தொடங்கியது. ஆனால் விழாக்களில் விற்க வேண்டுமென்றால் மாவட்டக் கண்காட்சித் திடல்களில் மட்டும்தான் முடியும் என்றிருந்தது. உள்ளூர் நிர்வாகம் சம்மதித்தால் வேறு இடங்களிலும் நடத்தலாம் என்று 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வருடம் கிராஸ் லேண்ட்ஸ் இருந்தது, விற்பனை இல்லை. 2019இல்தான் நகரம் அனுமதி கொடுத்து விற்பனையும் நடந்தது. அந்த மூன்று நாளில் விற்பனை 10 லட்சம் டாலரைத் தாண்டியதாகச் செய்தி வந்தது.

எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். விழாவுக்குள் நுழைந்தவர் எல்லாரும் இந்தப் பகுதிக்குள் நுழைந்துவிட முடியாது. வாசலில் மறுபடியும் ஐடி கேட்கிறார்கள். 21 வயது ஆகாதவருக்கு அனுமதி கிடையாது. உள்ளே நடப்பது வெளியே இருப்பவர் கண்ணில் படக்கூடாது என்பது மாநிலச் சட்டம், அதனால் சுற்றிலும் மறைப்பு. அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது: கஞ்சா உபயோகிக்கும் இடத்தில் மதுவும் புகையிலையும் விற்கவோ உபயோகிக்கவோ கூடாது. பீர் கோப்பையோடு வந்தவர்கள் வாசலிலேயே குடித்து முடித்துவிட்டு உள்ளே போனார்கள். அப்போதும் வயிற்றில் இரண்டும் சேரத்தான் செய்யும். மதுவோடு சேர்ந்தால், கஞ்சாவில் போதை ஏற்றும் பொருளான டிஎச்சி ரத்தத்தில் கூடுதலாக ஏறும், அதனால் இந்த விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்க முடியாது என்பதே பெரிய விஷயம்.

அடுத்தது லேபிள். கம்மி என்கிற, கஞ்சா கலந்த மெல்லும் மிட்டாய் டப்பா ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குழந்தை சுலபமாகத் திறக்க முடியாத மூடி. முக்கோணத்துக்குள் இலையும் ஆச்சரியக்குறியும் போட்ட மாநில முத்திரை. ஒரு கம்மியில் 10 மில்லிகிராம் டிஎச்சி, டப்பா முழுவதும் 100 மில்லிகிராம். கலிஃபோர்னியாவில் உண்ணும் பொருளுக்கு அதுதான் உச்ச வரம்பு. எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்ணும் (batch number) இருந்தது. பூச்சிக்கொல்லி, கன உலோகம், பூஞ்சை எல்லாவற்றுக்கும் பரிசோதனை முடிந்த பிறகே அந்தத் தொகுதி கடைக்கு வர முடியும். ஒரு மருந்துச் சீட்டில் நான் எதையெல்லாம் தேடுவேனோ அதில் பாதிக்கு மேல் அந்தச் சின்ன டப்பாவில் இருந்தது. கூட்டத்துக்குள் யாரோ ஒருவர் நீட்டும் பொட்டலத்தில் இதில் ஒன்றுகூட இருக்காது.

புதிதாகச் சாப்பிடுபவர்கள் மாட்டிக்கொள்வது நேரக் கணக்கில்தான். புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும். கம்மி வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவதைப் போட்டுக்கொண்டால், இரண்டும் சேர்ந்து நள்ளிரவில் ஆட்டி வைக்கும். பழக்கமில்லாதவருக்கு 10 மில்லிகிராமே அதிகம். கால்வாசியில், அதாவது 2.5இல் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி சிபிடி. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சிபிடி உண்மையிலேயே மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு எபிடியோலெக்ஸ் என்ற சிபிடி மருந்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூனில் அனுமதித்தது. அதில் வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 300 மில்லிகிராம். அப்படியிருக்க, 10 மில்லிகிராம் சிபிடி கலந்த பானம் ஒன்றைக் குடித்து மூட்டுவலி போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் நான் நம்பமாட்டேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சிபிடி பக்கமே போகக்கூடாது. கல்லீரலில் வார்ஃபரின் சிதையும் வழியை சிபிடி தடுக்கக்கூடும்.

வேலைக்கான போதைப்பொருள் சோதனை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கடை ஒன்றில், "இது சிபிடிதான், டெஸ்ட்டில் வராது" என்று சொல்லி ஒரு பெண்ணுக்கு எண்ணெய் விற்றிருக்கிறார்கள். பாட்டிலை வாங்கிப் பார்த்தால் 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் கொஞ்சம் டிஎச்சியும் உண்டு. தினமும் எடுத்தால் சிறுநீர்ச் சோதனையில் வரலாம். நல்லவேளை, அவர் சோதனைக்கு முன்பே என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

இப்போது நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். சித்தி மகன் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறான். அவனை நான் உள்ளே கூட்டிப் போகவில்லை. கலிஃபோர்னியா அனுமதித்தாலும் மத்தியச் சட்டப்படி கஞ்சா இன்னும் குற்றம். விசாவும் கிரீன் கார்டும் குடியுரிமையும் மத்திய அரசின் கையில். எல்லையில் அதிகாரி கேட்டு, "ஆமாம், சட்டப்படி வாங்கித்தான் உபயோகித்தேன்" என்று நீங்கள் ஒப்புக்கொண்டாலே, வழக்கு, தண்டனை எதுவும் இல்லாமலேயே நுழைவு மறுக்கப்படலாம். மாநிலம் அனுமதித்த கஞ்சாவாக இருந்தாலும் குடியுரிமை மனுவில் நன்னடத்தைக்கு அது தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே தெளிவுபடுத்தியது. கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்ப்பதும் அதில் அடங்கும். கிரீன் கார்டு கையில் இருப்பவர்களுக்கும் இதே கதிதான்.

இதை நம் இளைஞர்கள் பலர் தெரிந்துகொள்ளவே இல்லை. "அக்கா, இங்கே லீகல்தானே?" என்று அவன் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து வருடம் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் ஒரு கம்மிக்காக அதைப் பணயம் வைப்பதா? குடியுரிமை வாங்காதவர்கள் வாங்கவும் வேண்டாம், உபயோகிக்கவும் வேண்டாம். கையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துப் போடவும் வேண்டாம். ஃபோனை எல்லையில் திறந்து பார்க்கும் அதிகாரம் அதிகாரிகளுக்கு உண்டு. ஏற்கெனவே உபயோகித்திருந்தால், வெளிநாட்டுப் பயணத்துக்கும் மனுவுக்கும் முன்னால் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது அம்மாவின் முழங்காலுக்கு ஒரு பாட்டில் என்று பெட்டியில் வைப்பதும் வேண்டாம். கஞ்சாவும் அதன் பிசினும் இந்தியாவில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குள் வருபவை. இதில் சிபிடி மட்டும்தான் இருக்கிறது என்று மீனம்பாக்கத்தில் நின்று விளக்கும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

மாநிலம் முழுவதும் சட்டபூர்வம் என்பதால் எல்லா விழாவிலும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அதே கலிஃபோர்னியாவில் கோச்செல்லா விழா கஞ்சாவை உள்ளே விடுவதில்லை, மருத்துவ அட்டை இருந்தாலும் சரி. எந்த விழாவுக்குப் போனாலும் அதன் விதிகளை முதலில் படியுங்கள்.

ஒழுங்கு, பாதுகாப்பு என்று பார்த்தால் கிராஸ் லேண்ட்ஸுக்கு நான் 5க்கு 4 கொடுப்பேன். மீதி ஒன்று, வாசலில் ஐடி பார்ப்பது போலவே விசா பற்றியும் எச்சரிக்க வேண்டும் என்று சட்டம் வரும் நாளில். விலை குறைவில்லை. 15 சதவீதக் கலால் வரியும் அதன் மேல் விற்பனை வரியும் சேரும். அங்கே எதையாவது எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பூங்காவின் தெற்கே 'N ஜூடா' ரயில் ஓடுகிறது, வடக்கே 5 ஃபுல்டன் பஸ் ஓடுகிறது. கச்சேரி முடிந்ததும் இரண்டிலும் கூட்டம் நெரியும், கடைசிப் பாட்டுக்குச் சற்று முன்பே கிளம்பிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும்.