கோட்டாவின் வல்கன் டெனாரியஸ்: வாங்குவோருக்கு ஒரு மதிப்பீடு

உரோமக் குடியரசுக் கால வெள்ளிக் காசுகளில் உரோமா என்னும் நகரத் தெய்வத்தின் தலையும் தேர்களும் மலிந்து கிடக்க, நெருப்புக்கும் உலோகத் தொழிலுக்கும் உரிய தெய்வமான வல்கன் அரிதாகவே முகங்காட்டுகிறார். அவரை மட்டுமே தேடிச் சேகரிப்பவருக்கு முதற்காசாக நான் பரிந்துரைப்பது, கி.மு. 105இல் லூசியஸ் அவுரேலியஸ் கோட்டா வெளியிட்ட டெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசு. ஐரோப்பிய விற்பனையாளர் ஒருவரிடம் இணையவழியில் அதை வாங்கினேன்.

முகப்பில் மாலை சூடிய கூம்புக் குல்லாயுடன் வல்கனும் தோளின் பின்னே குறடும் உள்ளன. மறுபுறம் இடியாயுதத்தின்மேல் கழுகு நிற்கிறது. வல்கனுக்குப் புகழ்பெற்ற லிப்பாரித் தீவை கி.மு. 252இல் கைப்பற்றிய கோட்டா குடும்பத்து முன்னோரை நினைவூட்டவே இவ்வுருவம் பொறிக்கப்பட்டது என ஆய்வாளர் கருதுகின்றனர். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகைத்தொழில் செய்யும் பத்தர் ஒருவரிடம் நிறுக்கக் கொடுத்தபோது, தெய்வத்தை விட்டுவிட்டு அவர் குறட்டைத்தான் உற்றுப் பார்த்தார். எடை 3.8 கிராமுக்குச் சற்று மேல். இவ்வகைக் காசுக்கு அது பொருத்தமானதே.

விளிம்பைச் சுற்றி அரம்போல வெட்டுகள் உண்டு. உள்ளே செம்பில்லை என்று காட்டவே அவை இடப்பட்டன என்று சிலர் சொல்வர். ஆனால் செம்பின்மேல் வெள்ளி போர்த்திய பழங்காலப் போலிகளிலும் அதே வெட்டுகள் காணப்படுவதால், விளிம்பை மட்டும் நம்பி வாங்குவது சரியன்று.

குறையும் உண்டு. சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படம், தேய்ந்த தாடியைப் புடைப்பாகக் காட்டியிருந்தது. முகத்துக்கு எதிரேயுள்ள அடையாள எழுத்தும் பாதி விளிம்புக்கு வெளியே போய்விட்டது. கேட்ட விலைக்கு நேரான வெளிச்சத்தில் இன்னொரு படம் தந்திருக்கலாம். இதே விற்பனையாளரிடம் வல்கனின் முகமின்றி, முகப்பில் யூனோ மொனேட்டா என்னும் பெண் தெய்வத்தின் தலையும் மறுபுறம் பட்டடையும் குறடும் சுத்தியலும் பொறித்த, கி.மு. 46ஆம் ஆண்டுக்குரிய கரிசியஸ் டெனாரியஸும் இருந்தது. அழகானதுதான், ஆனால் விலை என் கைக்கு எட்டவில்லை.

முந்தைய ஏல விற்பனையின் விபரத்தை ரசீதிலேயே எழுதித் தந்தது அவரிடம் நான் மெச்சிய விடயம். இலங்கையில் கிடைத்த உரோமக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகளே. ஆகவே, யாழ்ப்பாணத்துத் தொல்லியல் இடமான கந்தரோடையில் எடுத்ததென்று சொல்லி இத்தகைய வெள்ளிக் காசை யாரேனும் நீட்டினால், விலை பேசுமுன் எழுத்தில் ஆதாரம் கேளுங்கள்.