கீசர் மாட்டியவர் கிளம்பும் முன் ஆர்சிசிபி பட்டனை அமுக்கிப் பாருங்கள்

மார்கழி நெருங்கினால் கடலூர்க்காரர்கள் புதுச்சேரிக்குப் போய் கீசர் வாங்கி வருவது புதிதல்ல. பெட்டி ஒழுங்காகத்தான் வருகிறது. மாட்ட வருபவரிடம்தான் கோளாறு. தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டில் 25 லிட்டர், 2 கிலோவாட் கீசருக்கு வயரிங் செய்த லட்சணத்தைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு சாக்கெட்டையும் ஒருமுறை பாருங்கள். கடைப் பெயர் வேண்டாம். இந்த வேலையைச் செய்வது அவர்கள் மட்டுமல்ல.

ரசீதில் இருந்தது இது: தனி லைன், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர் 20 மீட்டர், 20 ஆம்ப்ஸ் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), எர்த்திங். சாக்கெட்டைக் கழற்றியபோது தெரிந்தது வேறு. ஃபேஸுக்கு மட்டும் டிபியிலிருந்து (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) புது வயர் வந்திருந்தது, அதுவும் 1 ஸ்கொயர். நியூட்ரலை பாத்ரூம் லைட் போர்டிலிருந்து முறுக்கி, டேப் சுற்றி எடுத்திருந்தார்கள். எர்த் வயர் கிடையவே கிடையாது. எம்சிபி மட்டும் ரசீதில் சொன்னபடி 20 ஆம்ப்ஸ். அதுதான் ஆபத்தும். 1 ஸ்கொயர் வயர் சூடேறி உருகினாலும் 20 ஆம்ப்ஸ் எம்சிபி அசையாது.

முதல் நாள் கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்தது. விழத்தான் வேண்டும். ஃபேஸில் போகும் கரண்ட் அதே அளவு நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்ப்ஸ். அவ்வளவும் ஆர்சிசிபி வழியாகப் போய், ஆர்சிசிபியோடு சம்பந்தமில்லாத லைட் நியூட்ரலில் திரும்பினால், 30 மில்லிஆம்ப்ஸ் வித்தியாசத்துக்கே விழும் கருவி எப்படி நிற்கும்? வந்தவர் சொன்ன பதில்: "இந்த ஆர்சிசிபி ரொம்ப சென்சிட்டிவ்மா, கீசருக்கு ஒத்துவராது." ஃபேஸை ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு விழவில்லை.

அடுத்து, குழாயைத் தொட்டால் சுருக்கென்றது. "புது எலிமெண்ட், நாலு நாள்ல செட் ஆயிடும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். விடாமல் கூப்பிட்டதால் ஒருவர் வந்து, சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு விரல் நீளத்துக்கு ஒரு வயரை லூப் அடித்தார். ஷாக் நின்றது. அதற்குப் பெயர் எர்த்திங், அதற்குத் தனியாகப் பணம்.

இந்த லூப்பைச் சின்னத் தப்பு என்று நினைக்காதீர்கள். லைட் போர்டில் டேப் சுற்றிய அந்த நியூட்ரல் ஜாயிண்ட் ஒருநாள் சூட்டில் விட்டுப்போகும். அப்போது ஃபேஸ் எலிமெண்ட் வழியாக நியூட்ரல் முனைக்கு வந்து, லூப் வழியாக நேராக கீசர் பாடிக்கு ஏறும். நடுவில் இருக்கும் 26 ஓம் எலிமெண்ட், ஈர உடம்பின் தடைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. ஷவரைத் தொட்டவருக்கு ஏறக்குறைய முழு 230 வோல்ட். ஆளைக் கொல்லப் போதுமான கரண்டுக்கு எம்சிபி விழாது. விழவேண்டிய ஆர்சிசிபியை ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று.

கருவி எதுவும் இல்லாமலே நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கீசரைப் போட்டு, இண்டிகேட்டர் எரியும்போது ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். கீசரும் அணைய வேண்டும். ஆர்சிசிபி விழுந்தும் கீசர் அணையவில்லையென்றால் அந்த லைன் ஆர்சிசிபிக்கு வெளியே போகிறது. டெஸ்ட் பட்டனில் விழுந்தால் எர்த் சரி என்று அர்த்தமில்லை. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் அது விழும்.

ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருந்தால் குற்றம் வயரிங்கிலா கீசரிலா என்பதற்கு ஓர் அயர்ன் பாக்ஸ் போதும். கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸைப் போடுங்கள். அதற்கும் உடனே விழுந்தால் வயரிங்தான், பெரும்பாலும் நியூட்ரல் மாறிய கேஸ். கீசருக்கு மட்டும் விழுந்தால் எலிமெண்டையோ அதன் டெர்மினலில் நீர் கசிவையோ பார்க்கவேண்டும். சூடேறிக் கொஞ்ச நேரம் கழித்து விழுவது எலிமெண்ட் லீக்கேஜின் குணம்.

இனி மீட்டர் வைத்துப் பார்ப்பது. உள்ளே கை வைக்கும் வேலையென்பதால் தெரிந்த எலக்ட்ரீஷியனை விட்டுச் செய்யுங்கள். சாக்கெட்டில் ஃபேஸ்-நியூட்ரல் 230 சொச்சம், ஃபேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அதே. லூப் அடித்த சாக்கெட்டும் இப்படியே காட்டும், டெஸ்டரும் கண்டுபிடிக்காது. ஆகவே கீசர் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். 20 மீட்டர் 2.5 ஸ்கொயர் நியூட்ரலில் 8.7 ஆம்ப்ஸ் ஓடினால் ஒன்றேகால் வோல்ட்டாவது விழுந்தே ஆகும். அங்கே சுத்தமான பூஜ்யம் காட்டினால் சாக்கெட்டைக் கழற்றி லூப் இருக்கிறதா என்று தேடுங்கள். அதே தூரத்துக்கு ஃபேஸும் நியூட்ரலும் 1 ஸ்கொயராக இருந்தால் போகவர 6 வோல்ட்டுக்கு மேல் விழும். 55 வாட் சூடு சுவருக்குள் குழாயிலேயே அடைபட்டுக் கிடக்கும்.

எலிமெண்ட் கணக்கு எளிது. சப்ளையைத் துண்டித்து அளந்தால் 2 கிலோவாட்டுக்கு 26 ஓம், 3 கிலோவாட்டுக்கு 17 அல்லது 18. டெர்மினலிலிருந்து பாடிக்கு 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எலிமெண்டை மாற்றச் சொல்லுங்கள். சுற்று அறுந்து மீட்டர் ஓம் எதுவும் காட்டாவிட்டால் தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் முதலில் பாருங்கள். தண்ணீர் நிரப்பாமல் 'டெஸ்ட்' போட்டுக் காட்டுகிறவர்கள் புது எலிமெண்டையே கருக்கிவிடுவதுண்டு.

சரியான லைன் என்றால் 2 கிலோவாட்டுக்கு 2.5 ஸ்கொயர் வயரும் 16 ஆம்ப்ஸ் எம்சிபியும். 3 கிலோவாட்டுக்கு 4 ஸ்கொயரும் 20 ஆம்ப்ஸும். ஃபேஸ், நியூட்ரல், பச்சை எர்த் மூன்றும் டிபியிலிருந்தே வரவேண்டும். வயரின் மேல் அளவும் ஐஎஸ் 694 என்ற இந்தியத் தர முத்திரையும் அச்சிட்டிருக்கும். குழாய்க்குள் போகுமுன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மீந்த வயரைக் கேட்டு வாங்கினால் எத்தனை மீட்டர் போனது என்பதும் தெரிந்துவிடும்.

கடலோர வீடுகளில் எர்த் குழியையும் நம்ப முடியாது. மேல் மணல் கோடையில் காய்ந்து தடை ஏறும், உப்புக்காற்றில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையும் போல்ட்டும் துருவேறி அறுந்துகிடக்கும். மேலே மூடி மட்டும் அழகாக இருக்கும். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிதாகப் போடுவதென்றால் இரண்டரை மீட்டருக்குக் குறையாத குழாய் இறங்கவேண்டும். பள்ளம் தோண்டாத எர்த்திங்குக்குப் பணம் கிடையாது.

புகார் செய்தால் புதுச்சேரி கடை "சர்வீஸ் கம்பெனியோடது" என்கிறது, கம்பெனி "கடலூர் வேற பிராஞ்ச்" என்கிறது. இந்தப் பந்தாட்டத்தில் நீங்கள் ஓடவேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊர் எதுவானாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்து பாருங்கள். லூப்பை எடுப்பதற்கு முன், திறந்த சாக்கெட்டையும் வயரின் அச்செழுத்தையும் ரசீதையும் ஒரே படத்தில் எடுத்துவைக்கவேண்டும். "சரி பண்ணிக் கொடுக்கிறேன்" என்று ஓடிவருபவர் முதலில் பிடுங்குவது அந்தத் துண்டு வயரைத்தான்.