சம்பளம் வாங்காத கோச்சுகளே, உஷார்! சான்றிதழ் என்ற பெயரில் 12,500 போச்சு

பிள்ளைகளுக்குச் சும்மா விளையாட்டு சொல்லிக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் இதைப் படியுங்கள். 12,500 கட்டி ஒரு ‘சர்வதேச இளையோர் பயிற்சியாளர்’ சான்றிதழ் வாங்கினேன். நேற்று டோர்னமெண்ட் பதிவில் அதை நீட்டினால், மேசையில் இருந்தவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது செல்லாது சார், வேற ஏதாவது இருக்கா?” என்கிறார். என் பிள்ளைகள் பின்னால் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லப்போவதில்லை. ஆன்லைனில் விளையாட்டுப் படிப்புகள் விற்கிற ஒரு தளம், அவ்வளவுதான்.

விளம்பரத்தைப் பார்த்து எண்ணைக் கொடுத்த கையோடு போன் வந்தது. பேசியவன் சின்னப் பையன். “சம்பளமே இல்லாமலா சார் பண்றீங்க? உங்கள மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான் சார் பிள்ளைங்க போனைக் கீழ வச்சிட்டு மைதானத்துக்கு வருது.” இத்தனை வருடத்தில் ஒரு பெற்றோர்கூட இப்படிச் சொன்னதில்லை. ‘எங்க பையனை ஏன் வெளியே உட்கார வச்சீங்க’ என்று மட்டும் கேட்பார்கள். அந்தப் பேச்சுதான் என்னைக் கட்ட வைத்தது. தன்னார்வலர்களுக்கு மட்டும் பாதி விலை, அதுவும் இன்றிரவு வரைதான் என்றான். எல்லா லீக்கிலும் எடுத்துக்கொள்வார்களா என்று நேரடியாகவே கேட்டேன். “உலகம் பூரா செல்லும் சார்” என்றான். 12,500 அப்போதே போய்விட்டது.

உள்ளே என்ன இருந்தது? முன்னாள் வீரர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் ‘ஒழுக்கம்தான் முக்கியம்’ என்று பேசும் வீடியோக்கள். முதலுதவிக்கு ஒரே வீடியோ. இதயம் நின்றுபோனால் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரிய பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. ஆழத்துக்கு அமுக்க வேண்டும். பொம்மையை வைத்து, பக்கத்தில் ஒருவர் திருத்தத் திருத்த அமுக்கிப் பார்த்தால்தான் அந்த வேகமும் ஆழமும் கைக்கு வரும். முறையான முதலுதவி வகுப்புகளில் வாங்கும் அட்டையே பெரும்பாலும் 2 வருடத்தில் காலாவதியாகி, மறுபடி செய்து காட்டச் சொல்வார்கள். இங்கே வீடியோவை ஓடவிட்டாலே பச்சை டிக் விழுந்துவிடுகிறது.

அப்புறம் தேர்வு. தலையில் அடிபட்டுத் தள்ளாடும் பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்கு மறுபடி இறக்கவே கூடாது, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் விளையாட்டு. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். கைதவறி ‘தண்ணீர் கொடுத்துவிட்டு மீண்டும் இறக்குவேன்’ என்பதை அழுத்திவிட்டேன். ‘வாழ்த்துகள்! 100 சதவீதம்!’ என்று காகிதத் துணுக்குகள் பறந்தன. இதைப் படித்து ‘கோச்’ ஆன இன்னொருவர் கையில் என் மகன் விளையாடினால்? பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

சான்றிதழைப் பற்றிக் கேட்காதீர்கள். தங்க முத்திரை, ஹோலோகிராம், யாரோ ஒருவரின் நீளமான கையெழுத்து. நான் சொல்லித் தருவது கால்பந்து, மூலையில் அச்சடித்திருப்பது கூடைப்பந்து.

சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மற்றவர் பிள்ளையைக் கையில் எடுக்கிறோம், தெரிந்துகொண்டுதான் எடுக்க வேண்டும். ஆனால் கால்பந்தில் சி, பி, ஏ, புரோ என்று போகும் லைசென்ஸ்களைக் கொடுப்பது கூட்டமைப்புகள்தான், இந்த மாதிரித் தளங்கள் இல்லை. சில நல்ல படிப்புகளுக்குக் காசே கிடையாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி, தலைக்காயம் பற்றிக் கோச்சுகளுக்காகவே ‘ஹெட்ஸ் அப்’ என்ற ஆன்லைன் பயிற்சியை இலவசமாகத் தருகிறது. ஃபிஃபாவின் பயிற்சித் தளமும் இலவசம். அதெல்லாம் சும்மா கிடைக்கும்போது நான் 12,500 கட்டியிருக்கிறேன்! இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நேரத்தையும் பெட்ரோலையும் கொடுக்கிற ஆளிடமே சான்றிதழ்ச் செலவையும் தள்ளுவது அநியாயம். சான்றிதழ் கட்டாயம் என்றால் கிளப்தான் கட்ட வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘டிக்கெட் போட்டிருக்கிறோம்’ என்றார்கள். அப்புறம் ‘சீனியர் பேசுவார்’. சீனியர் பேசவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. கடைசியில் ஒரு பெண் பேசினார்: “நீங்க வீடியோ பார்த்துட்டீங்களே சார், ரீஃபண்ட் வராது.” பார்க்காமல் எப்படிம்மா தேர்வு எழுதுவது என்றேன். “அது பாலிசி சார்.” டோர்னமெண்டில் ஏற்கவில்லையே என்றதற்கு வந்த பதில்தான் உச்சம்: “லெவல் டூ எடுத்துட்டீங்கன்னா ஏத்துப்பாங்க சார், உங்களுக்குத் தள்ளுபடி உண்டு.” அதோடு முடியவில்லை, இந்தச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லுமாம். செல்லாத சான்றிதழைப் புதுப்பிக்கவும் கட்டணம்! முதலில் பேசிய பையனின் எண் இப்போது ‘உபயோகத்தில் இல்லை’.

விவரமாக ஒரு வழிகாட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். பணம் கட்டும் முன் உங்கள் லீக்குக்கு ஒரு போன் போட்டு, இன்ன சான்றிதழை ஏற்பீர்களா என்று கேளுங்கள். தளத்தில் வேலை செய்பவன் வாக்கை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். ‘இன்றிரவு வரை’ என்றால் போனை வைத்துவிடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் முறையிடுங்கள், நானும் காலையில் கொடுத்திருக்கிறேன். 12,500 வருமா தெரியாது.

அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ‘தன்னார்வலர்களுக்கு மட்டும் பாதி விலை, இன்றிரவு வரை’ என்றே. ஸ்கிரீன்ஷாட், ரசீது எல்லாம் வைத்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.