மாலுமி ஆஸ்ட்ரோலேப் பிரதி: எது வேலை செய்யும், எது அலமாரிக்கு மட்டும்

ஆஸ்ட்ரோலேப் என்பது சூரியனோ நட்சத்திரமோ அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் பழைய கருவி. ஐரோப்பியக் கடற்பயண வரலாற்றுப் பாடம் நடத்துபவர்களைக் குறிவைத்து விற்கப்படும் பித்தளை ஆஸ்ட்ரோலேப்களில் பல, கப்பலில் ஏறியே இராத வகையைச் சேர்ந்தவை. நட்சத்திரப் பெயர்கள் பொறித்த வலைத்தகடு இருந்தால், அது தரையில் நின்று வானம் பார்த்தவர்களின் கருவி. மாலுமியின் கருவியில் அந்த வேலைப்பாடு எதுவும் கிடையாது. கனத்த வளையம், பாகைக் கோடுகள், நடுவில் சுழலும் ஒரு சட்டம், சட்டத்தின் இரு பக்கமும் துளையிட்ட சிறு தகடுகள், தொங்கவிட மேலே ஒரு கொண்டி. பார்க்க ஏழ்மையாக இருப்பதுதான் சரியான பொருள்.

அதன் தேவை ஆப்பிரிக்கக் கரையில் பிறந்தது. மிளகும் தங்கமும் இடைத்தரகர் கைபடாமல் வேண்டும் என்று போர்த்துக்கீசியர் தெற்கே இறங்க இறங்க, அட்சரேகையைக் காட்டிவந்த துருவ நட்சத்திரமும் அடிவானத்தை நோக்கி இறங்கியது. பூமத்தியரேகையைத் தாண்டினால் அது கண்ணுக்கே படாது. மிச்சம் இருந்தது சூரியன். ஆனால் சூரியன் ஆண்டு முழுக்க வடக்கும் தெற்குமாக 23.5 பாகை வரை நகர்கிறது. அந்த விலக்கத்தை நாள்வாரியாகச் சொல்லும் அட்டவணை இல்லாமல் அதன் உயரத்தை அளந்து பயனில்லை. வானியலாளர் ஆபிரகாம் சாகூத்தோவின் அட்டவணைகள் 1496-இல் போர்ச்சுகலின் லெய்ரியாவில் அச்சாயின. அடுத்த ஆண்டு வாஸ்கோடகாமா கிளம்பினார். ஆகஸ்ட் 3-இல் கேப் வெர்டே தீவுகளை விட்டவர், காற்றுக்காக அட்லாண்டிக்கில் மேற்கே வளைந்து போய், நவம்பர் தொடக்கம்வரை கரையையே பார்க்கவில்லை. இந்தப் பயணத்தை அட்சரேகைக் கணக்கு இல்லாமல் ஒருவர் குருட்டு அதிர்ஷ்டத்தில் முடித்திருக்கலாம். ஆண்டுதோறும் கப்பல் கூட்டங்களை அதே வழியில் அனுப்ப அதிர்ஷ்டம் போதாது.

இனி கடையில் கிடைப்பவை. உள்ளங்கை அளவுள்ள 10 செ.மீ. பிரதியில் ஒரு பாகையின் இடைவெளி 0.9 மி.மீ.கூட வராது, கோட்டின் தடிமனே பாதியைத் தின்றுவிடும். 17 அல்லது 18 செ.மீ. விட்டம் இருந்தால் பாகைக்கு 1.5 மி.மீ. கிடைக்கும், அரைப் பாகையைக் கண்ணால் பிரிக்கலாம். அதற்குக் கீழே வாங்கவேண்டாம்.

வடிவத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஓமான் கடலில் 2014-இல் எடுக்கப்பட்ட, 1503-இல் மூழ்கிய போர்த்துக்கீசியக் கப்பலின் ஆஸ்ட்ரோலேப் 17.5 செ.மீ. விட்டமும் 344 கிராம் எடையும் கொண்ட மெல்லிய முழுத்தகடு. அரச முத்திரையோடு அழகாக இருப்பதால் இந்த வடிவத்தைப் பலரும் விரும்புவார்கள். ஆனால் முழுத்தகடு காற்றைப் பாய்மரம்போல வாங்கிக்கொள்ளும், எடையும் இல்லாததால் ஆடிக்கொண்டே இருக்கும். பிற்பாடு வந்தவை சக்கரம்போல இடைவெளி விட்டு, கீழ்ப்பகுதியைத் தடிமனாக்கி, இரண்டு கிலோ அளவுக்கு வார்க்கப்பட்டது இதற்காகத்தான். வெளியில் அளக்க வேண்டுமென்றால் அடி கனத்த வார்ப்பு வகையே. தகட்டை வெட்டிச் செய்து ‘வார்ப்பு’ என்று விற்பதும் உண்டு; மேலும் கீழும் ஒரே தடிமன் என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை: கொண்டியில் தொங்கவிட்டு ஒரு தூரத்துக் கூரைமுனையை அளங்கள். பிறகு கருவியை அரைச்சுற்றுத் திருப்பி, மறுபக்க அளவில் அதே முனையை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் தொங்கும் பிழை. அரைப் பாகை என்றால் குறித்து வைத்துக்கொண்டு கழித்துவிடலாம். இரண்டு பாகை வந்தால் கொண்டியின் துளையோ நடு அச்சோ இடம் தவறியிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மறுபக்கத்தில் அளவுகோலே இல்லாத பிரதியில் இதைச் செய்ய முடியாது. அது ஒரு பெரிய குறை.

சூரியனைத் துளை வழியாகக் கண்ணால் பார்க்கக் கூடாது. வளையத்தை இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டு, அதன் நிழல் ஒல்லிக் கோடாகும்வரை திருப்புங்கள். பிறகு சட்டத்தை நகர்த்தி, மேல் தகட்டின் துளையில் புகும் ஒளி கீழ்த் தகட்டின் துளைமேல் விழச் செய்யுங்கள். துளை 1 மி.மீ.க்குள் இருக்கட்டும், பெரிதானால் ஒளிப்பொட்டு பரந்து நடு எதுவென்று தெரியாது. கடிகாரத்தின் 12 மணி உண்மையான உச்சிவேளை அல்ல. உங்கள் ஊரின் உச்சிவேளைக்கு அரைமணி முன்பே தொடங்கி, உயரம் ஏறி, நின்று, இறங்குவதைப் பார்த்து, இருப்பதில் பெரிய எண்ணை எடுங்கள்.

சூரியன் தெற்கே உச்சம் தொட்டால் 90-இலிருந்து உயரத்தைக் கழித்து, வடக்கு விலக்கம் என்றால் கூட்டவும், தெற்கு என்றால் கழிக்கவும். வருவதே உங்கள் அட்சரேகை. லிஸ்பனில் ஜூன் 21 அன்று உயரம் 74.7; 90-இலிருந்து கழித்தால் 15.3; அதனுடன் விலக்கம் 23.4 சேர்த்தால் 38.7 பாகை. சில பிரதிகளில் 0 உச்சியில் தொடங்கும். அவை 90-இலிருந்து கழித்த எண்ணையே நேராகக் காட்டுகின்றன; மறுபடி கழித்தால் கணக்கு கெடும்.

கூட்டல் கழித்தலை மாற்றிச் செய்வது ஜூனில் உடனே தெரிந்துவிடும், விடை 47 பாகை தள்ளிப்போகும். மார்ச் கடைசியில்தான் ஆபத்து. விலக்கம் 2 பாகை இருக்கும்போது மாற்றிப்போட்டால் விடை 4 பாகை தவறும், ஆனால் எண் நம்பும்படியே இருக்கும். அது 440 கிலோமீட்டர். இன்னொன்று, பிரதியோடு பழைய அட்டவணையின் நகல் வந்தால் இன்றைய தேதிக்கு அப்படியே பயன்படுத்தாதீர்கள். அது ஜூலியன் நாட்காட்டி. 1490-களில் இன்றைய முறைக்கு 9 நாள் பின்தங்கியிருந்தது. சம இரவு நாளை ஒட்டி ஒரு நாள் தவறினாலே 0.4 பாகை போகும்.

நிலத்தில் நின்று அரைப் பாகைத் துல்லியம் கிடைத்தால் போதும், அது 55 கிலோமீட்டர். ஆடும் தளத்தில் அதுவும் வராது. காமா தென்னாப்பிரிக்கக் கரையின் செயின்ட் ஹெலினா விரிகுடாவில் இறங்கி, பெரிய மரஆஸ்ட்ரோலேப்பைக் கரையில் நிறுத்தி அளந்ததன் காரணம் இதுவே.

வகுப்பில் இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு, அதனால் முடியாததைக் காட்டுவதில் இருக்கிறது. தீர்க்கரேகையை அது சொல்லாது. 1494-இல் தோர்தேசில்லாஸில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் பிரித்துக்கொண்டதோ, கேப் வெர்டேக்கு மேற்கே 370 லீக் (பழைய தூர அளவு) தள்ளிய ஒரு தீர்க்கரேகைக் கோடு! அளக்கத் தெரியாத கோட்டால் உலகைப் பங்கு போட்டார்கள். பூமியின் மறுபக்கத்தில் அது எங்கே விழும் என்று ஒருவருக்கும் தெரியாததால், கிராம்பு விளைந்த, இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளுக்காகச் சண்டை வந்தது. 1529-இல் சரகோசா உடன்படிக்கையில் போர்ச்சுகல் 3,50,000 டூகாட் பொற்காசு கொடுத்துத் தீர்த்தது. இன்றைய அளவையில் பார்த்தால் அந்தத் தீவுகள் போர்ச்சுகலின் பாதியிலேயே இருக்கின்றன.

கொலம்பஸைத் திசைதிருப்பியது இந்தக் கருவி என்று மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவர் தவறாகக் கணக்கிட்டது பூமியின் அளவை. அதுபோலவே, ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகப் போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 1444-இல் கூட்டமாக இறக்கியபோது சூரிய அட்டவணை கப்பல்களில் ஏறியிருக்கவில்லை. ஏறிய பிறகு நடந்தது வேறு: போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக முடிந்தது. மிளகுக் கப்பல்களுக்கும், பிற்பாடு ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்களை ஏற்றிப்போன கப்பல்களுக்கும் அது ஒரேபோலப் பயன்பட்டது. பெட்டியின் மேல் சாகசப் படம் போட்டு விற்பவர்கள் இதை எழுதுவதில்லை.

பராமரிப்பு எளிது. நடு அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய், அதிகமானால் சட்டம் தானே நழுவும். பித்தளை கறுத்தால் விட்டுவிடுங்கள். பாலீஷ் பொடி போட்டுத் தேய்த்தால் முதலில் போவது பாகைக் கோடுகள்தான்.