கிட்டேகிட்டே அருவி, வைட்டாக்கரே: ஷூவ நல்லா தேச்சுட்டு உள்ள போங்க

ஆக்லாந்துல நம்ம ஆளுங்க வீட்டுக்கு ஊர்லருந்து யாராவது வந்தா மொதல்ல ஸ்கை டவர், அப்புறம் மிஷன் பே, அப்புறம் ஏதாவது ஒரு மால், அதோட லிஸ்ட் முடிஞ்சிடும். என்னைக் கேட்டா அதுல ரெண்ட தூக்கிட்டு ஒரு நாள முழுசா மேற்குப் பக்கம் வைட்டாக்கரே ரேஞ்சஸ் ரீஜனல் பார்க்குக்கு ஒதுக்குங்க. 16,000 ஹெக்டேருக்கு மேல காடு, என்ட்ரி ஃபீஸ் ஒத்த காசு கிடையாது, நியூசிலாந்துல பாம்பே இல்லைங்கறதால புதர்ப் பக்கம் பசங்க ஓடினாலும் அடிவயிறு கலங்காது. ஒரே ஒரு நடைக்குத்தான் டைம் இருக்குன்னா பீஹா பீச் பக்கத்துல இருக்கற கிட்டேகிட்டே அருவிக்குப் போங்க.

சிட்டிலருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர டிரைவ். டிட்டிராங்கி தாண்டி சீனிக் டிரைவ், அங்கருந்து பீஹா ரோடு, முழுக்க வளைவுதான், கார்ல வாந்தி வர்றவங்கள முன்சீட்ல உக்கார வெச்சிடுங்க. பீஹாக்குள்ள எறங்கினதும் க்ளென் எஸ்க் ரோடுல திரும்பி அது முடியற எடத்துலதான் கார் பார்க். சின்னது. வெயில் அடிக்கற சண்டேல லேட்டா போனா எடமே இருக்காது, காலைலயே போயிடறதுதான் நல்லது. பள்ளத்தாக்குக்குள்ள சிக்னல நம்ப முடியாது, மேப்ப மொதல்லயே டவுன்லோட் பண்ணிக்கங்க, யாராவது தனியா வர்ற மாதிரி இருந்தா எங்க சந்திக்கறதுன்னு வீட்லயே பேசிடுங்க.

ட்ராக் ஆரம்பிக்கற எடத்துல ஷூ கழுவற ஸ்டேஷன் ஒண்ணு இருக்கும். நான் இந்த ரிவ்யூ எழுதறதே பாதி இதுக்காகத்தான். கால வெச்சு தேய்க்கறதுக்கு ப்ரஷ் இருக்கும், அதுல மண்ணெல்லாம் போற வரைக்கும் தேய்க்கணும், அடிப்பாகம், பக்கவாட்டு, குதிகால் இடுக்கு எல்லாம், அதுக்கப்புறம்தான் மருந்து ஸ்ப்ரே. வரிசை மாறக்கூடாது, ஏன்னா சேறு ஒட்டியிருக்கற மேலேயே மருந்து அடிச்சா அது உள்ள எறங்காது, அடிச்சதும் அடிக்காததும் ஒண்ணுதான். நெறைய பேர் ஸ்ப்ரேய மட்டும் மிதிச்சிட்டு செல்ஃபி எடுத்துட்டு போயிடறாங்க. தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. உள்ள போறப்ப ஒரு தடவ, வெளிய வர்றப்பயும் ஒரு தடவ. வீட்லருந்து கெளம்பும்போதே ஷூவ காய்ஞ்ச மண்ணு இல்லாம கொண்டு வந்தா இன்னும் நல்லது.

எதுக்கு இவ்வளவு கெடுபிடின்னா, இந்தக் காட்டுல கவுரின்னு ஒரு மரம் இருக்கு, ஆயிரம் வருஷத்துக்கு மேல வாழக்கூடியது. 19ஆம் நூற்றாண்டுலயும் அதுக்கப்புறமும் மரத்துக்காக இத வெட்டித் தள்ளிட்டாங்க. வெட்டுன மரத்த ஓடைல கட்டையால அணை கட்டி தண்ணிய தேக்கி, ஒரே நேரத்துல தொறந்து விட்டு கீழ அடிச்சுட்டுப் போக விட்டிருக்காங்க. இப்ப நாம பாக்கறதுல பெரும்பாலானது அதுக்கப்புறம் தானா வளந்து வந்தது. அதையும் இப்ப ஒரு நோய் கொல்லுது. மண்ணு வழியா பரவற கிருமி, ஈர மண்ணுல நீந்திப் போய் வேருக்குள்ள நுழையுது, மரத்துக்கு தண்ணியும் சத்தும் மேல ஏறாம போயிடுது, இலை மஞ்சளாகி, கொப்பு வெறுமையாகி, அடிமரத்துல பிசின் வழிஞ்சு மரம் நின்ன எடத்துலயே செத்துடுது. முழுசா குணமாக்கற மருந்து இல்ல, பாஸ்பைட்னு ஒண்ணு மரத்துல ஊசியா போட்டு நோயோட வேகத்த கொறைக்கறாங்க, அவ்வளவுதான். குண்டூசித் தலை அளவு மண்ணு போதும் இன்னொரு மரத்துக்குக் கொண்டு போக. அந்த மண்ணு பெரும்பாலும் போறது நம்ம ஷூவுல.

இந்த மண்ணுக்கு உரியவங்க தே கவேராவ் ஆ மாக்கிங்கற மாவோரி மக்கள். அவங்க 2017 டிசம்பர்ல காட்டுக்குள்ள யாரும் போகக்கூடாதுன்னு ராஹுயி போட்டாங்க, மரபுவழித் தடை. அடுத்த வருஷம் மே மாசத்துலருந்து கவுன்சிலும் காட்டுப் பகுதிய அதிகாரபூர்வமா மூடிடுச்சு. அப்புறம் ஒவ்வொரு ட்ராக்கா சரி பண்ணித்தான் தொறந்துட்டு வர்றாங்க. நாம இன்னிக்கு ஜாலியா நடக்கறோம்னா அந்தத் தடையும் அந்த வேலையும்தான் காரணம்.

"முன்னாடி நல்லா காட்டுப் பாதையா இருந்துச்சு, இப்ப ஜல்லியும் பலகையும் போட்டு பார்க் மாதிரி ஆக்கிட்டாங்க"ன்னு கொற சொல்றவங்களும் உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கவுரியோட வேர் மண்ணுக்குக் கொஞ்சம் கீழயே பரவி கெடக்கும், மிதிச்சாலே அடிபடும், அதனாலதான் மரத்துப் பக்கத்துல பாதைய தூக்கி பலகை மேல கொண்டு போறாங்க. சேத்துல வழுக்காம, ஷூவுல மண்ணு ஒட்டாம போறது மரத்துக்கும் நல்லது, நம்ம முட்டிக்கும் நல்லது. வேலிய தாண்டி குறுக்குவழில எறங்கறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

நடைய பத்தி சொல்லணும்னா, போயிட்டு வர நிதானமா ஒன்றரை மணி நேரம் வெச்சுக்கங்க. ஆரம்பத்துல ஓடைய ஒட்டியே சமமா போகும், ரெண்டு பக்கமும் ஆள் ஒசரத்துக்கு மேல குடை விரிச்ச மாதிரி பெரணி மரங்க, நடு நடுல நிக்காவ் பனை. டூயி குருவி சத்தம் கேட்டுட்டே இருக்கும், மணி அடிச்ச மாதிரி ஒண்ணு, உடனே தொண்டைய கமறின மாதிரி ஒண்ணு. கவுரி மரம் வந்தா தெரியாம போகாது, சாம்பல் கலர்ல கெளையே இல்லாம நேரா ஏறும், பட்ட செதில் செதிலா உதுந்துட்டே இருக்கறதால மேல கொடி கூட அதிகம் ஒட்டாது. அப்புறம் கொஞ்சம் ஏத்தம், மூச்சு வாங்கற நேரத்துல எதிர்ல அருவி முழுசா தெரியற எடம் வரும். சுமார் 40 மீட்டர், மூணு அடுக்கு, ஒவ்வொரு அடுக்குலயும் தண்ணி அகலமா விரிஞ்சு எறங்குது. அங்க கொஞ்சம் உக்காந்துட்டு போங்க, கீழ போயிட்டா இந்த முழு உருவம் கெடைக்காது.

அடில குளம் இருக்கு, எறங்கலாம். நம்ம குத்தாலத்த மனசுல வெச்சுட்டு, தண்ணி நேரா தலைல வந்து அடிக்கும், எண்ணெ தேச்சு குளிக்கலாம்னு வந்துடாதீங்க, சோப்பு ஷாம்பு எதுவும் தண்ணில படவே கூடாது. டிசம்பர்லருந்து மார்ச் வரைக்கும்தான் எறங்கற மாதிரி இருக்கும், அப்பவும் நல்லா சில்லுன்னுதான். மழை பெஞ்ச மறுநாள் பாக்க அருவி அட்டகாசமா இருக்கும், ஆனா குளத்துல கால வைக்காதீங்க. பாறைலருந்து குதிக்கறதும் வேண்டாம், அடில என்ன இருக்குன்னு தெரியாது. பீச்சுக்குப் போனாலும் சிவப்பு மஞ்சள் கொடிக்கு நடுவுல மட்டும் எறங்குங்க, பீஹா அலை ஆள இழுத்துட்டுப் போற அலை.

வயசான அப்பா அம்மாவோட வர்றீங்கன்னா இந்த ஏத்தம் அவங்களுக்கு வேணாம், ஓடைய ஒட்டின சமமான பகுதி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு திரும்பிடுங்க. இல்லைன்னா கரேகரே அருவி, கார் பார்க்லருந்து சில நிமிஷ நடைதான். வழில அராடாக்கி விசிட்டர் சென்டர்ல நிறுத்துங்க, வாசல்ல மாவோரி மரச்சிற்பத்த பாக்கவே தனியா போகலாம், மேல டெக்லருந்து பாத்தா கீழ முழுக்க காடு, அந்தப் பக்கம் மனுகாவ் ஹார்பர். இந்த மலைல மட்டும் அஞ்சு அணை இருக்கு, ஆக்லாந்துல நாம கொழாய தொறந்தா வர்ற தண்ணில ஒரு பங்கு இங்கருந்துதான்.

தெக்குப் பக்கம் ஹுனுவா அருவிய நெறைய பேர் சொல்வாங்க, சுமார் 30 மீட்டர், கார் பார்க்லருந்து பக்கம், போட்டோவுக்கு பிரமாதம். ஆனா அந்தக் குளத்துல உயிர் போனவங்க ஒண்ணு ரெண்டு பேர் இல்ல, பாத்துட்டு வந்துடுங்க, எறங்காதீங்க.

2023 பிப்ரவரி கேப்ரியல் புயல்ல கரேகரே, பீஹா பக்கம் ரோடும் மலைச்சரிவும் பலமா அடி வாங்குச்சு. அதனால கெளம்பற அன்னிக்குக் காலைல கவுன்சில் வெப்சைட்ல எந்த ட்ராக் தொறந்திருக்குன்னு ஒரு தடவ பாத்துடுங்க. சாப்பாடு வீட்லருந்தே புளியோதரையோ தயிர்சாதமோ கட்டிக்கங்க, ட்ராக்ல கடை எதுவும் கிடையாது, டீ குடிக்கணும்னா பீஹா ஊருக்குள்ள வரணும். குப்பைய திரும்ப கார்லயே எடுத்துட்டு வந்துடுங்க.