பழைய ரயில் இரும்பு: அப்படியே விடுவதா, ஆள் நடமாட்டத்துக்குக் கொண்டுவருவதா?

பாம்பனில் 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டது. பழையதை என்ன செய்வது என்ற பேச்சு பாளையங்கோட்டை டீக்கடை வரைக்கும் ஓடுகிறது. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். நிற்கிறபடியே நிற்கட்டும் என்கிறார்கள் சிலர். சீர்செய்து ஜனங்கள் வந்து போகிற இடமாக்க வேண்டும் என்பது என் கட்சி. ரயில்வே பாலப் பிரிவில், பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரமான கர்டருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் இதில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு.

எடைக்குப் போடுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். காசு ஒரு தடவை வரும், பாலம் போய்விடும். போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான். அந்த இரண்டையும் ஒரே ஊரில் பார்க்கலாம். நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நியூயார்க்கில் பார்த்தேன்.

அந்த ஊரைச் சுற்றி ஆறு. சரக்கு ரயில் பெட்டிகள் அக்கரை போக, பெட்டிகளைத் தண்டவாளத்தோடு கூடிய மிதவையில் ஏற்றி இழுத்துப் போவார்கள். கடல் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மிதவை உயரும், தாழும். கரைத் தண்டவாளமோ அசையாது. இரண்டையும் மட்டமாகச் சேர்க்க நடுவில் ஒரு சிறு பாலத்தை உயரமான இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு ஏற்றி இறக்கினார்கள். லாரி வந்து அந்தத் தொழில் பெரும்பாலும் நின்றதும் இந்தச் சட்டங்கள் கரையோரம் அனாதையாக நின்றன.

ஹட்சன் ஆற்றில் 69ஆம் தெரு முனையில் ஒன்று இருக்கிறது. 1911இல் கட்டியது. எதிர்க்கரையில் வீஹாக்கனுக்குப் பெட்டிகள் போன இடம். 2003இல் அமெரிக்க வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறியது. பார்க்கக் கம்பீரம்தான், மறுக்கமாட்டேன். சுற்றிலும் பூங்கா வந்துவிட்டது. ஆனால் அது தண்ணீரில் தனியாக நிற்கிறது, நாம் கரையில் நின்று பார்த்துவிட்டு நகர்கிறோம்.

கிழக்காற்றின் கரையில், குயின்ஸ் பக்கம், இதே வேலையைச் செய்த சட்டங்கள் நிற்கின்றன. அவை 1920களில் வந்தவை. இந்தச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் கேன்ட்ரி என்று பெயர். 1998இல் அங்கே திறந்த பூங்காவுக்கே அந்தப் பெயர்தான்: கேன்ட்ரி பிளாசா. கறுப்புச் சட்டத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் 'லாங் ஐலண்ட்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. ஜனங்கள் அதன் காலடியில்தான் உட்காருகிறார்கள். நான் போன அன்று பிள்ளைகள் சட்டத்தைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடின. நான் பழைய பழக்கத்தில், தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளைத்தான் பார்த்தேன். கை எட்டும் உயரத்தில் பெயிண்ட் கட்டியாக, வெடிப்பில்லாமல் இருந்தது.

இரும்பு விஷயத்தில் எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. துரு, தகட்டின் நடுவில் தொடங்குவதில்லை. ரிவெட் தலைக்கு அடியிலும், இரண்டு தகடு ஒட்டும் இடுக்கிலும், தண்ணீர் தேங்கும் மூலையிலும்தான் தொடங்கும். உள்ளே துரு ஊதினால் தகடே விலகும். மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், சுத்தியலால் தட்டினால் சத்தம் செத்திருக்கும். சுரண்டி, பிரஷ் போட்டு, பிரைமர் அடித்து, மேல்பூச்சு அடிப்பது ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. ஆகவே ஒரு சின்னத்தை எப்படிச் சீர்செய்தார்கள் என்று நான் கேட்பதில்லை. அடுத்த பெயிண்டுக்கு யார் பணம் தருவார்கள் என்றுதான் கேட்பேன். ஜனங்கள் தினமும் வந்து உட்காருகிற இடத்தில் பெயிண்ட் உரிந்தால் நாலு பேர் கேட்பார்கள். தண்ணீரில் தனியாக நிற்பதைக் கேட்க ஆள் கிடையாது.

நாங்களே இப்படி ஒன்று செய்தோம். 1923இல் வந்த திருச்செந்தூர் மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்கியபோது கழித்த கைகாட்டி சிக்னல் ஒன்று எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. வந்த கோலத்திலேயே நட்டால்தான் பழமை தெரியும் என்றார்கள் சில பேர். நான் சுரண்டிப் பூசி, அடியில் தண்ணீர் நிற்காதபடி மேடை கட்டச் சொன்னேன். “அண்ணாச்சி, ஓடாத ரயிலோட கைகாட்டிக்கு வருசா வருசம் பெயிண்டா?” என்று கேட்டான் மளிகைக் கடைத் தம்பி. “கோயில் கொடைக்கு வரி பிரிக்கும்போது இதுக்கும் சேர்த்துப் பிரிப்போம்ப்பா” என்றேன். அப்படித்தான் நடக்கிறது. இப்போது ஒரு வருஷம் பூச்சு தள்ளிப்போனால் முதலில் கேட்பதே அந்தத் தம்பிதான்.

கல்லுக்கு இந்தப் பாடு கிடையாது. சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டு 1843இல் தாமிரபரணிக்குக் குறுக்கே கட்டிக்கொடுத்த பாலத்தில் இன்றைக்கும் பஸ் போகிறது. அதை உதாரணம் காட்டி, பாம்பனும் தானாக நிற்கும் என்று நினைக்கக் கூடாது. ஒன்று நல்ல தண்ணீர், மற்றது உப்புக் காற்று.

நான் வேலை பார்த்தது ஆற்றுப் பாலங்களில். உப்புக் காற்றில் பூச்சு எத்தனை வருஷம் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலத்தை, ரயில் ஓடாத காலத்தில், கடலுக்குள் வைத்துப் பூசிக்கொண்டே இருக்க எந்தத் துறையிலும் பணம் ஒதுக்கமாட்டார்கள். அதனால் முழுப் பாலத்தையும் காப்பாற்றக் கேட்பதைவிட, நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிளந்து தூக்கும் ஷெர்சர் பகுதியைக் கேட்கலாம். 1964 புயலில் கர்டர்கள் கடலோடு போனபோதும் தப்பி நின்றது அது. அதைக் கரையில் ஏற்றி, பல்சக்கரம் சுற்றுவதைப் பிள்ளைகள் கிட்டத்தில் பார்க்கிற மாதிரி நிறுத்த வேண்டும். நுழைவுக் கட்டணம் வாங்கட்டும். அந்தப் பணம் பெயிண்டுக்கு மட்டும்தான் என்று முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.