ஐபியா, பாப்பா, பாஸ்வேர்டா: மெயில் அனுப்பறவன் யாருன்னு எப்படி கேக்கறது?

எங்க ஆபீஸ் மெயில் சர்வர பாத்துக்கறது நான்தான், மூணு வழியும் வச்சு பாத்தாச்சு, அதனால சொல்றேன். 1982-ல எஸ்எம்டிபி (சர்வருக்கு மெயில் அனுப்பற முறை) வந்தப்போ அனுப்பறது யாருன்னு கேக்கற பழக்கமே கிடையாது, எவன் வந்து நீட்டினாலும் வாங்கி அனுப்பிடும், ஸ்பேம்காரனுக்கு வேற என்ன வேணும்.

முதல் வழி ஐபி லிஸ்ட், அதாவது எந்தெந்த நெட்வொர்க் முகவரில இருந்து வந்தா அனுப்பலாம்னு ஒரு பட்டியல். ஆபீஸ் நெட்வொர்க்ல இருந்து வந்தா உள்ள விடு, வெளிய இருந்து வந்தா கிடையாது. செட் பண்ண ரெண்டு நிமிஷம், யாரும் பாஸ்வேர்ட் கேட்டு போன் பண்ண மாட்டாங்க. ஆனா இது ஆள நம்பல, வாசல நம்புது. எங்ககிட்ட ஒரு கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்து ராத்திரி பூரா ஸ்பேம் தள்ளிருக்கு, காலைல பாத்தா எங்க ஐபி பிளாக்லிஸ்ட்ல, லாக்ல ரவுட்டரோட ஐபி ஒண்ணுதான் நிக்குது, எந்த மெஷின்னு தெரியல. ஒவ்வொரு கேபிளா புடுங்கி கண்டுபிடிச்சோம்.

அடுத்தது பாப், சர்வர்ல வந்து கிடக்கற மெயில எடுக்கற முறை (பாப்பான்னு படிச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல). மெயில் எடுக்க பாஸ்வேர்ட் குடுத்து உள்ள வந்தா அந்த ஐபிக்கு அரை மணி நேரம் அனுப்பவும் அனுமதி. அப்போ நிறைய மெயில் சாஃப்ட்வேருக்கு அனுப்பும்போது பாஸ்வேர்ட் குடுக்கவே தெரியாது, அதுக்கு இது நல்ல ஒட்டு. ஆனா "அண்ணா மெயில் போகலண்ணா, ரிலே டினைட்னு (வெளிய அனுப்ப அனுமதி இல்லன்னு) வருது"ன்னு தினமும் ஒரு போன், "ஒரு தடவ ரிசீவ் அமுக்கிட்டு அனுப்புப்பா"ன்னு தினமும் ஒரே பதில். இன்னிக்கு ஒரே ஐபிக்கு பின்னாடி நூத்துக்கணக்கான மொபைல்காரங்க இருக்கும்போது, ஒருத்தர் கதவ தொறந்தா அத்தன பேரும் நுழையலாம். இத இனிமே தொடவே தொடாதீங்க.

1999-ல வந்த எஸ்எம்டிபி ஆத் தான் என் ஓட்டு. அனுப்பும்போதே பேரும் பாஸ்வேர்டும் கேக்கும், லாக்ல ஆள் பேரே விழும், தப்பு பண்ணின அக்கவுண்ட மட்டும் பூட்டிடலாம். ஆனா டிஎல்எஸ் (லைன்ல போறத நடுவுல யாரும் படிக்க முடியாம பூட்டறது) இல்லாம வச்சா வீண், பாஸ்வேர்ட் பேஸ்64-ல போகுது, அது மறைக்கறது இல்ல, வேற எழுத்துல எழுதறது, அவ்ளோதான். 587-ம் போர்ட்ல (போர்ட்னா சர்வரோட வாசல் நம்பர்) முதல்ல வெறும் லைன்ல பேச ஆரம்பிச்சு அப்புறம்தான் பூட்டும், 465-ல முதல் பைட்ல இருந்தே பூட்டு, 2018-ல வந்த ஸ்டாண்டர்டும் 465 பக்கம்தான். பாஸ்வேர்ட் திருடு போனா இதுலயும் ஸ்பேம் போகும், அதனால ஒரு ஆளுக்கு மணிக்கு இத்தன மெயில்னு லிமிட் போட்டே ஆகணும். ஜிமெயில் 2022 மே கடைசில வெளி ஆப்புகளுக்கு சாதாரண பாஸ்வேர்ட நிறுத்திட்டு ஓஆத் (ஆப்புக்கு பாஸ்வேர்ட் குடுக்காம கூகுள்ல லாகின் பண்ணி அனுமதி குடுக்கறது) இல்லன்னா 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட்னு சொன்னதும் இந்த திருட்டுக்கு பயந்துதான். எஸ்பிஎஃப், டிகிம் எல்லாம் மெயில வாங்கற சர்வர், அனுப்பின டொமைன (@-க்கு அப்புறம் வர்ற பேர) சரிபாக்கறதுக்கு, அது வேற பஞ்சாயத்து.

இதுல மாட்டினது பேப்பர ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பற ஸ்கேனர். பழசு, டிஎல்எஸ் தெரியாது, அதுக்காக மட்டும் அதோட ஐபிய லிஸ்ட்ல விட்டு வச்சிருந்தேன். அப்புறம்தான் பொறி தட்டுச்சு, எங்க சொந்த டொமைனுக்கு வர்ற மெயில 25-ம் போர்ட்ல (வெளி சர்வர்கள் மெயில் கொண்டு வந்து குடுக்கற வாசல்) வாங்க ரிலே அனுமதியே வேண்டாமே. அந்த ஐபியையும் தூக்கிட்டேன். ஸ்கேன் இப்போ ஆபீஸ் இன்பாக்ஸுக்கு மட்டும்தான் வரும், ஆடிட்டருக்கு வேணும்னா அக்கவுண்ட்ஸ் அக்கா அவங்க ஐடில இருந்து ஃபார்வர்ட் பண்றாங்க, அதுல கொஞ்சம் கோவம்தான் அவங்களுக்கு.